கோடக் கம்பெனியை ஸ்தாபித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன்

நம் இல்லங்களின் கூடத்திலே மாலை சூட்டப்பெற்றுத் தொங்கும் மூத்தோர் படங்களை நோக்குங்கால், அவற்றுள் இரண்டு வகை இருப்பதை அன்பர்கள் காணலாம். ஒன்று, படக்கடைக்குச் சென்று, நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து, இமை கொட்டாமல் எடுப்பித்துக்கொண்ட படம். மற்றொன்று, கலியாணப் பந்தலிலோ, கிணற்றடியிலோ, குழந்தையை இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கையிலோ, உறவினர் ஒருவர் தம் கையிலிருந்த சிறு பெட்டியால் எடுத்துவிட்ட படம். முதல் வகைப் படத்துக்கு அத்தொழிலிலே பயின்றவர் வேண்டும். இரண்டாம் வகைப் படத்தை எவரும் எடுக்கலாம். எவரும் எடுக்கலாம் என்னும் நிலைமையை உலகத்துக்கு உண்டாக்கிக் கொடுத்தவர் பெரிய விஞ்ஞானி அல்லர். ஒரு பாங்கிலே கணக்கெழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா. அவருடைய சரித்திரத்தையும், அவர் விட்டுச்சென்ற கம்பெனியின் கதியையும் நம் குடும்பத்தினர், அதிலும் தந்தை தொடங்கிய தொழிலைத் தம் கையில் ஏற்றிருக்கும் இளைஞர், அறிந்துகொள்வது நலம் என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த வாட்டர்வில் என்னும் சிற்றூரில், 1854-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி ஜார்ஜ் ஈஸ்ட்மன் பிறந்தார். அவருடைய தந்தையாரின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் ஈஸ்ட்மன். தாயாரின் பெயர் மரியா கில்போர்ன். தந்தையார் அம்மாகாணத்து ராச்செஸ்டர் நகரத்தில் வர்த்தகக் கல்வி புகட்டும் கலாசாலையொன்றை நடத்திவந்தார். 1860-ல் குடும்பம் முழுவதும் அந்நகரத்திற்கே குடிபெயர்ந்தது. இரண்டு வருஷங்கூட நிரம்பவில்லை. 1862-ல் தந்தையார் காலஞ்சென்றார். அதனோடு கலாசாலையும் க்ஷீணித்தது. பெண்மக்கள் இருவரையும், எட்டு வயது நிரம்பாத ஆண்மகனையும் வைத்துக்கொண்டு அவ்வம்மையார் செய்தது யாதெனில், தம் இல்லத்து அறைகளை அன்னியருக்கு வாடகைக்கு விட்டு, அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, அவ்வருவாயில் குடும்பத்தை நடத்தியதேயாம். பெண்மக்களுள் இளையவள் இளம்பிள்ளைவாதத்தால் நடக்க இயலாது சக்கர நாற்காலியில் இருந்தவள். அவளும் 1870-ல் இறந்தாள்.

ஜார்ஜ் பதினான்காம் வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். படிப்பில் பேரெடுத்த பிள்ளையென்று அவரைச் சொல்வாரில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் ஏவல் செய்யும் பையனாக, வாரத்துக்கு 3 டாலர் சம்பளத்தில் அமர்ந்தார். அடுத்து வேறோர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் 5 டாலர் கிடைத்தது. இரவு வேளைகளில் வீட்டிலிருந்தே கணக்குப் பயின்றார். 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்புப் பாங்கில் இளநிலைக் குமாஸ்தா உத்தியோகம் வாய்த்தபோது சம்பளம் வாரத்துக்கு 15 டாலராக உயர்ந்தது. முதல் சம்பளம் வாங்கிய நாள் தொட்டு, வரவு செலவு ஒன்று விடாமல் சிறிய கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. தாயார் பிறர்க்குச் சோறாக்கிப் போட்டுச் சிரமப்படுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் காசின் அருமையை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

1877-ல், விடுமுறை எடுத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள சாந்தோ தொமிங்கோவுக்குச் சென்றுவரலாமென்று அவர் எண்ணினார். செல்லுமிடத்தைப் படமெடுத்து வரலாமே என்று பாங்கிலிருந்த நண்பரொருவர் யோசனை கூறினார். ஈஸ்ட்மன் அதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் விலைக்கு வாங்கினார். அக்காலத்துச் சாமான்களை இக்காலத்தவர் மனத்தில் கற்பித்துக்கொள்வதும் கடினம். சவர்க்காரப் பெட்டியளவு பெரிய காமிரா, அதனைத் தாங்கக் கனத்த முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனத் திராவகப் புட்டிகள், திராவகம் ஊற்றக் கண்ணாடித் தொட்டி, தண்ணீர்க் குடம், இவற்றோடு ஒரு கூடாரமும் வேண்டும். கூடாரம் எதற்கெனில், படமெடுக்கும் முன்னர் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, அதனை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே காமிராவில் வைத்துப் படமெடுத்து, எடுத்த கையோடு இருட்டிலே கழுவியாகவேண்டும். தகடு உலர்ந்தால் படமில்லை. ஆகவே இருட்டறையைத் தோளிலே சுமந்து செல்வதற்கு ஈடாகக் கூடாரம் சுமந்தார்கள். இவ்வித்தையைக் கற்றுக்கொள்ள ஈஸ்ட்மன் 5 டாலர் கூலி கொடுத்தார். சாந்தோ தொமிங்கோப் பிரயாணம் நடைபெறவேயில்லை. படம் பிடிக்கும் ஆசைமட்டும் அவரை விடாது பற்றிக்கொண்டது. படம் பிடிக்கச் சுமக்கவேண்டிய சுமையின்மேல் வெறுப்பும் உடன் பற்றிக்கொண்டது. அவர் பின்னர்ச் செய்த காரியங்கள் யாவும் இச்சுமையைக் குறைக்கச் செய்தவையே.

அதற்கு ஆறு வருஷம் முன், 1871-ல், இங்கிலாந்தில் ரிச்சர்டு லீச் மாடக்ஸ் என்னும் வைத்தியர், கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டின் என்னும் வஸ்துவில் வெள்ளி உப்பைக் கலந்து பூசினால், தகடு உலர்ந்த பின்னரும் படமெடுக்க உதவும் என்று காட்டியிருந்தார். இங்கிலீஷ்ப் பத்திரிகைகளில் இவ்வுலர் தகட்டைப் பற்றிய குறிப்புக்களை வாசித்த ஈஸ்ட்மன், தாமே அதனைச் செய்து பார்க்கத் தொடங்கினார். பகலெல்லாம் பாங்கிலே கணக்கு. இரவெல்லாம் தாயாருடைய அடுக்களையிலே ஜெலட்டின் காய்ச்சுதல். களைப்பு மேலிட்ட வேளையில் அடுப்பருகே தரையில் கம்பளியை விரித்துப் படுத்துவிடுவார். ஆடையையும் களையாமல் உறங்கும் மகனைக் காலையில் எழுப்புவது அன்னையாருக்கு வழக்கமாயிற்று.

கையினால் ஒவ்வொரு தகடாகப் பூசினால் வியாபாரம் ஆகாது. பலவற்றை ஒரே தன்மையாகப் பூசும் யந்திரமொன்றை அவர் அமைத்தார். 1879-ல் இலண்டனுக்குச் சென்று அதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். உலகத்தில் அத்தொழிலுக்குத் தலைநகரமாய் அக்காலத்தில் இருந்தது இலண்டனே. ஆதலின் முதலில் அங்குச் சென்றார். அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் உரிமை கிடைத்தது. 1880-ல் ராச்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் அடுக்கை வாடகைக்கு எடுத்து உலர் தகடுகளைச் செய்து விற்கலானார். அன்னையாரின் இல்லத்தில் வாடகைக்குத் தங்கியிருந்தவர்களுள் ஹென்றி ஸ்டிராங் என்னும் சாட்டை வியாபாரி ஒருவர் இருந்தார். குதிரை வண்டிச் சாட்டைகள் செய்து விற்று நல்ல நிலையிலிருந்த அவர், இவ்விளைஞரின் முயற்சியில் நம்பிக்கை கொண்டு பணம் போட்டார். 1881-ம் வருஷம் ஜனவரி முதல் நாள் இருவரும் கூட்டாக ஈஸ்ட்மன் உலர் தகட்டுக் கம்பெனியைத் தொடங்கினர். அவ்வருஷம் செப்டம்பரில் ஈஸ்ட்மன் பாங்கு உத்தியோகத்தைத் துறந்தார். ஒன்றை ஈண்டுக் குறிக்கவேண்டும். கம்பெனி உலகப் பிரசித்தி பெற்ற பின்னும், 1919-ல் ஸ்டிராங் இறக்குமளவும், தலைவர் பதவியில் அவரே இருந்தார். ஈஸ்ட்மன் பொக்கிஷதாரராகவே இருந்து காரியங்களை நடத்தினார். முதற்பணம் போட்டவரைப் பின்னுக்குத் தள்ளும் கூட்டு வியாபாரங்கள் மலிந்த உலகில் இஃது அரிய செய்கை.

1882-ல் பெருஞ்சோதனை நேர்ந்தது. விற்ற தகடுகள் ஒளியை உணரும் ஆற்றல் இழந்துவிட்டன. எங்கும் புகார். ஈஸ்ட்மன் விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நல்லவை கிடைத்தவுடன் மாற்றிக் கொடுத்தார். கையிருப்பெல்லாம் அதிலே கரைந்தது. குற்றம் எங்கேயென்று எத்தனையோ முறை காய்ச்சிப் பார்த்தும் புலப்படவில்லை. ஸ்டிராங்கும் அவரும் இங்கிலாந்துக்குச் சென்று, ஆங்கிருந்த பெயர்பெற்ற தகட்டுக் கம்பெனியில் விசாரித்துத் திரும்பியபின், தாம் வாங்கிய ஜெலட்டினிலேயே குற்றம் என்பது தெளிவாயிற்று. ஜெலட்டினாவது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதில் ஏன் ஒன்று நன்றாகவும் மற்றொன்று கெட்டும் போகின்றது என்னும் இரகசியம் நாற்பது வருஷங்களுக்குப் பின்னரே, அதே கம்பெனியின் ஆராய்ச்சிசாலையிலே விளங்கிற்று. மாடுகள் மேயும் கடுகினத்துச் செடிகளிலிருந்து வரும் அணுவளவு கந்தகப் பொருளே ஒளியுணர்ச்சியை மிகுவிக்கின்றது என்று கண்டனர். புல்வெளியில் மேய்ந்த பசுவின் உணவு சினிமாக் கொட்டகைவரை வந்து பேசுகின்றது!

உலர் தகட்டு வியாபாரம் இப்போது நிலைத்துவிட்டது. மற்றொருவராயின் அதோடு அமைந்து, மனை கட்டி, வட்டிக்குப் பணங்கொடுத்து வாழ்ந்திருப்பார். ஈஸ்ட்மனோ தம் சொந்தச் சரக்கையே வேண்டாததாக்கும் வேலையில் இறங்கினார். கண்ணாடி கனக்கின்றது, உடைகின்றது, ஒரு தகட்டுக்கு ஒரு படந்தான். அதற்குப் பதிலாகச் சுருட்டக்கூடிய ஒரு வஸ்துவின்மேல் ஜெலட்டினைப் பூசினால் பல படங்களை ஒரே சுருளில் எடுக்கலாமல்லவா? வில்லியம் வாக்கர் என்பவரோடு சேர்ந்து, காமிராவின் பின்புறத்தில் பொருத்தும் சுருள் தாங்கியொன்றை அமைத்து, 1885-ல் விற்பனைக்கு விடுத்தார். முதலில் காகிதச் சுருளின்மேல் பூசினார். படமெடுத்தபின் பூச்சைக் காகிதத்திலிருந்து உரித்தெடுக்கவேண்டும். தொழிலில் வல்ல படக்காரர்கள் இதனைக் கைதொடவில்லை. கண்ணாடியின் தெளிவு இதில் வராது என்று ஒதுக்கினர். அவர்கள் சொன்னது மெய்யே.

இவ்விடத்தில் ஈஸ்ட்மன் செய்த தீர்மானமே அவர் சரித்திரத்தின் மையம் என்பது எம் கருத்து. வல்லுநர் வாங்காவிடில், வல்லுநரல்லாதாருக்கு விற்போம் என்று துணிந்தார். படமெடுப்பதையே அறியாத கோடிக்கணக்கான ஜனங்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்குத் திராவகமும் வேண்டா, இருட்டறையும் வேண்டா, படிப்பும் வேண்டா. 1888-ல் அவர் வெளியிட்ட காமிரா கையடக்கமான ஒரு பெட்டி. விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்குரிய சுருள் ஏற்றியே விற்கப்பட்டது. படங்கள் இரண்டரை அங்குலக் குறுக்களவுள்ள வட்டங்களாக வரும். நூறும் முடிந்தபின், பெட்டியோடு கம்பெனிக்கு அனுப்பி 10 டாலர் செலுத்தினால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். வாங்குவோர் செய்யவேண்டியது பொத்தானை அழுத்துவது ஒன்றே. மிகுதி யாவும் தங்கள் பொறுப்பு என்று விளம்பரப்படுத்தினார்கள்.

அப்பெட்டிக்கு அவர் இட்ட பெயர் கோடக். இச்சொல்லுக்கு எந்தப் பாஷையிலும் அர்த்தம் கிடையாது. தாமே எழுத்துக்களைக் கோத்து உண்டாக்கினார். தாயாரின் குலப்பெயராகிய கில்போர்ன் என்பதன் முதலெழுத்தின்மேல் அவருக்கிருந்த பிரியம், அப்பெயர் அவ்வெழுத்தில் தொடங்கி அவ்வெழுத்திலேயே முடிவதற்குக் காரணம் என்பர். பெயர் சிறியதாகவும், எந்நாட்டவரும் பிழையாது உச்சரிக்கத் தக்கதாகவும், வேறெதனோடும் மயங்காததாகவும் இருக்கவேண்டுமென்பது அவர் கொள்கை. வியாபாரக் குறி வைப்போர் இன்றும் கைக்கொள்ளும் கொள்கை இது. 1892-ல் கம்பெனிக்கும் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி என்றே பெயர் வழங்கலாயிற்று.

காகிதமும் நெடுநாள் நிற்கவில்லை. 1889-ல், கம்பெனியின் ரசாயன சாஸ்திரி ஹென்றி ரைக்கன்பாக் உதவியால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நைட்ரோசெல்லுலோஸ் படச்சுருள் வெளிவந்தது. ஓடும் படங்களுக்கு ஏற்ற சுருளைத் தேடிக்கொண்டிருந்த எடிசனுடைய ஆராய்ச்சிசாலையார் அதனை வரவழைத்துக்கொண்டனர். சினிமா என்னும் பெருந்தொழிலுக்கு அச்சுருளே ஆதாரமாயிற்று. 1900-ல் பிரௌனி என்னும் காமிரா 1 டாலர் விலைக்கு வந்தது. சிறுவர்களை உத்தேசித்துச் செய்தது அது. ஆறு படங்களுக்குரிய சுருளின் விலை 15 சென்ட். முதல் வருஷத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. இவ்விலைகளை ஆராய்ந்தால் அவருடைய வியாபார முறை விளங்கும். பெட்டியை மலிவாகக் கொடுத்துவிட வேண்டும். லாபமோ சுருளிலும், காகிதத்திலும், கழுவும் ரசாயனங்களிலும் வாழ்நாள் முழுதும் வந்துகொண்டிருக்கும். இம்முறையைப் பின்னால் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் குற்றங்களை மறைத்துக் குணங்களையே பாடுவதுண்டு. எமக்கு அது சம்மதமில்லை. நியூஜெர்ஸி மாகாணத்து நியூவர்க் நகரில் ஹானிபல் குட்வின் என்னும் வயோதிகப் பாதிரியார் ஒருவர் இருந்தார். பைபிள் கதைகளைப் படங்கள் வாயிலாகச் சிறுவர்க்குக் காட்ட விரும்பிய அவர், உடையாத படத்தகட்டை நாடி, தம் இல்லத்திலேயே சோதனை செய்து, ஒளி ஊடுருவும் சுருளைக் கண்டுபிடித்து, 1887-ம் வருஷம் மே மாதத்தில் பேடண்டு கோரி விண்ணப்பித்தார். ஈஸ்ட்மன் கம்பெனியார் விண்ணப்பித்தது அதற்குப் பின். ஆயினும் அவர்களுக்கு முன்னரே உரிமை கிடைத்தது. பாதிரியாருடைய விண்ணப்பம் சர்க்கார் காரியாலயத்தில் பதினொரு வருஷம் இழுபட்டு, 1898-லேதான் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1900-ம் வருஷ முடிவில் அவர் இறந்தார். அவருடைய உரிமையை வாங்கிய மற்றொரு கம்பெனி கோடக் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்து நெடுங்காலம் நடத்தியது. 1914-ல் நியாயஸ்தலம் பாதிரியாருடைய உரிமையே செல்லுமென்று முடிவு செய்ய, கோடக் கம்பெனியார் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டனர். பணம் கொடுக்க இயன்றது. அம்முதியவர் உயிரோடிருக்கையில் அவருக்குச் சேரவேண்டிய கீர்த்தியைக் கொடுக்க எவராலும் இயலவில்லை. இதன்றி, போட்டிக் கம்பெனிகளை விலைக்கு வாங்கி விழுங்கியும், கடைக்காரர்களைத் தம் சரக்கன்றி வேறு விற்கலாகாதென்று கட்டுப்படுத்தியும் வந்தமையால், ஏகபோகம் செய்கின்றார்களென்று சர்க்காரே வழக்காடியது. 1915-ல் தீர்ப்புக் கம்பெனிக்கு விரோதமாயிற்று. 1921-ல் சில கிளைத்தொழில்களை விற்றுவிட உடன்பட்டு அவ்வழக்கை முடித்தனர்.

பொருள் சேர்த்ததில் கடுமை இருந்ததென்றால், சேர்த்த பொருளை வழங்கியதில் அதற்கு ஈடான தாராளம் இருந்தது. 1899-லேயே தமக்கு வந்த லாபத்திலிருந்து ஒரு பகுதியை ஊழியர் யாவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். 1912-ல் கம்பெனி லாபத்துக்கேற்ப ஊழியருக்குச் சம்பளத்தின்மேல் ஒரு தொகை வழங்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1919-ல் தம் சொந்தப் பங்குகளுள் மூன்றில் ஒன்றை, அக்காலத்து மதிப்பில் ஒரு கோடி டாலர் பெறுவதை, ஊழியர்களுக்கே அளித்தார்.

கல்விக்கு அவர் கொடுத்த கதை சுவையானது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் பயின்ற இருவர் தம் கம்பெனியில் சிறந்த ஊழியராயிருத்தலைக் கண்ட அவர், 1912 முதல் அக்கலாசாலைக்குப் பணம் வழங்கலானார். பெயர் வெளியிடலாகாதென்பது நிபந்தனை. கொடையாளியின் பெயர் மிஸ்டர் ஸ்மித் என்றே வழங்கப்பட்டது. அந்த ஸ்மித் யாரென்று எட்டு வருஷம் அமெரிக்கா முழுவதும் ஆராய்ச்சி நடந்தது. 1920-ல் உண்மை வெளிப்பட்டது. அக்கொடை மொத்தம் ஏறத்தாழ 2 கோடி டாலர். இன்று அக்கலாசாலைச் சுவரில் அவர் முகத்தைப் பொறித்த வெண்கலத் தகடொன்று உண்டு. அதன் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் வருமென்று மாணாக்கர் நம்பித் தடவித் தடவி, மூக்குமட்டும் பளபளக்கின்றது. விஞ்ஞானம் படிப்பவரும் பரீட்சைக்கு முன் நம்மைப் போன்றவர்தாம் போலும்!

ராச்செஸ்டர் சர்வகலாசாலைக்கு வைத்தியக் கல்லூரி, ஈஸ்ட்மன் சங்கீதக் கலாசாலை, நீக்ரோவ மக்கள் எனப்பட்ட கறுப்பின மாணாக்கர் பயிலும் டஸ்கிகீ, ஹாம்ப்டன் கலாசாலைகளுக்கு நிதி, இவையாவும் அவர் கொடைகள். ஏழைக் குழந்தைகளின் பல் நோய் தீர்க்க ராச்செஸ்டரிலும், பின்னர் இலண்டன், பாரிஸ், ரோமாபுரி, பிரஸ்ஸெல்ஸ், ஸ்டாக்ஹோம் நகரங்களிலும் தந்த வைத்தியசாலைகளை ஸ்தாபித்தார். செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் இதனைப்போல் பயன் தரும் தர்மம் வேறில்லை என்று கணக்கர் மனத்தோடு கணித்தே அதனைச் செய்தார். 1924-ல் ஒரே நாளில் 3 கோடி டாலரைக் கையெழுத்திட்டு வழங்கினார். வாழ்நாளில் வழங்கியது மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு செல்வரின் அந்தரங்க வாழ்வு தனிமை மிக்கது. அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. அன்னையாருக்கென்றே பெரிய மாளிகை கட்டினார். 1905-ல் குடிபுகுந்த அம்மையார் இரண்டே வருஷம் அதில் வாழ்ந்து 1907-ல் மறைந்தார். மகனுக்கு அப்போது வயது 52. தாயார் இறந்த அன்று நாள் முழுதும் அழுகையை அடக்க மாட்டாதிருந்ததாகப் பின்னாளில் அவரே நண்பரிடம் கூறியிருக்கின்றார். சங்கீதக் கலாசாலையில் கட்டிய மண்டபமொன்றுக்குத் தாயாரின் குலப்பெயரால் கில்போர்ன் மண்டபம் என்று பெயரிட்டார். தினமும் காலையில் சிற்றுண்டி அருந்தும்போது அம்மாளிகையில் பெரிய ஆர்கன் வாத்தியம் வாசிக்கப்படும். கேட்கும் வீட்டார் அவர் ஒருவரே.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுவோம். வருஷத்தைப் பதின்மூன்று மாதங்களாகவும், மாதத்தை இருபத்தெட்டு நாட்களாகவும் பகுத்தால் கணக்கெழுதுவது எளிதென்று அவர் உறுதியாக நம்பினார். 1928-ல் கம்பெனியின் கணக்குக்களை அப்பஞ்சாங்கப்படியே மாற்றினார். உலகம் ஏற்கவில்லை, கம்பெனிமட்டும் அவர் இறந்தபின் ஐம்பத்தேழு வருஷம், அதாவது 1989 வரை, அதனைக் கைவிடவில்லை.

முதுமையில் அவரை முதுகெலும்பு நோய் பற்றியது. நடை தளர்ந்து, நிற்பதும் நோவாயிற்று. வேலையொன்றே துணையாயிருந்தவருக்கு வேலை செய்ய இயலாமை பொறுக்கக்கூடியதாயில்லை. 1932-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி, தம் எழுபத்தேழாம் வயதில், நண்பர்களுக்கு இரண்டொரு வரி எழுதிவைத்துவிட்டுத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அம்முடிவை நாம் புகழவும் மாட்டோம், அவரை இகழவும் மாட்டோம். பெரிய மாளிகையில் நோயோடு தனித்திருந்த ஒரு முதியவரின் துயரம் அது. அவருடைய அஸ்தி, ராச்செஸ்டரில் கோடக் பார்க் என்னும் அவருடைய தொழிற்சாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மாளிகை 1949-ல் நிழற்படக் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டு இன்றும் நடந்துவருகின்றது.

அவர் விட்டுச்சென்ற கம்பெனி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் செழித்தது. 1912-ல் கென்னத் மீஸ் என்னும் இங்கிலீஷ் அறிஞரை அழைத்துவந்து அவர் ஏற்படுத்திய ஆராய்ச்சிசாலையின் பயனாக, 1935-ல் கோடக்ரோம் என்னும் வர்ணச்சுருள் வந்தது. அதனைக் கண்டவர் இருவரும் சங்கீத வித்துவான்கள் என்பது வியப்பு. 1950-ல் சினிமாவுக்குரிய ஈஸ்ட்மன் கலர் வந்தது. 1964-ல் வெளிவந்த காதலிக்க நேரமில்லை முதலாகத் தமிழ்ப் படங்களின் சுவரொட்டிகளிலே ஈஸ்ட்மன் கலர் என்று பெரிய எழுத்தில் போடுவது வழக்கமாயிற்று. அஃது ஒரு மனிதரின் பெயரென்று அறியாமலே நம்மவர் எத்தனையோ வருஷம் அதனை உச்சரித்து வந்தோம்.

1975-ல் அக்கம்பெனியின் இளம் எஞ்சினீர் ஸ்டீவன் ஸாஸன், சுருளே வேண்டாத காமிரா ஒன்றைச் செய்து முடித்தார். எட்டுப் பவுண்டு எடை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க இருபத்துமூன்று விநாடி பிடித்தது. படமோ பத்தாயிரம் புள்ளிகளால் ஆன மங்கலான கறுப்பு வெள்ளை உருவம். இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கும், நம் கைப்பேசியிலுள்ள காமிராவுக்கும் அதுவே மூதாதை. 1978-ல் அதற்குப் பேடண்டும் கிடைத்தது. ஆனால் மேலதிகாரிகளுக்கு அதில் உற்சாகம் பிறக்கவில்லை.

கோடக் கம்பெனியார் உறங்கிவிட்டார்கள் என்று பலர் எழுதுகின்றார்கள். இது முழு உண்மையன்று. 1991-ல் படக்காரர்களுக்குரிய டிஜிட்டல் காமிராவை அவர்களே விற்றனர். 2005-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் காமிரா விற்பனையில் முதலிடமும் பெற்றனர். குறை வேறிடத்தில் இருந்தது. ஈஸ்ட்மன் அமைத்த முறைப்படி, லாபம் பெட்டியில் இல்லை, சுருளில் இருந்தது. டிஜிட்டல் பெட்டிக்குச் சுருளும் இல்லை, கழுவும் ரசாயனமும் இல்லை. அதனை விற்க விற்கத் தம் கையாலேயே தம் வருமானத்தை வெட்டவேண்டியிருந்தது. கண்ணாடித் தகட்டு வியாபாரம் நன்றாக நடக்கும்போதே அதனைப் பின்னிடச் செய்யும் சுருளை ஈஸ்ட்மன் தேடினாரல்லவா? அன்று அவரிடம் இருந்தது ஒரு வாடகைக் கட்டடமும் சில யந்திரங்களுமே. அவருக்குப் பின் வந்தவர்களிடத்திலோ நூறு வருஷத்து லாபமும், பல்லாயிரம் குடும்பங்களின் சம்பளமும், பங்குதாரரின் எதிர்பார்ப்பும் இருந்தன. 1980-களில் ராச்செஸ்டர் நகரத்தில் மாத்திரம் அறுபதினாயிரம் பேர் அங்கு வேலை செய்தனர். தொடக்கத்தில் ஒருவருக்கு எளிதாயிருந்த துணிவு, நிறைந்த பின் பலருக்கு எளிதாயிருக்கவில்லை. ஆகவே அவர்களைப் பேதையர் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பதின்மூன்று மாதப் பஞ்சாங்கத்தை விடாது காத்தவர்கள் அவருடைய அத்துணிவில் ஒரு பங்கையேனும் காத்திருக்கலாமே என்று எண்ணாதிருக்கவும் முடியவில்லை.

2007-ல் கோடக் பார்க்கின் பெரிய கட்டடங்கள் சில வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன. கோடக்ரோம் சுருள் 2009-ல் நிறுத்தப்பட்டது. 2012-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி கம்பெனி கடன் தீர்க்க வழியின்றி நியாயஸ்தலத்தின் பாதுகாப்பை நாடியது. ஓய்வுபெற்ற ஊழியருக்குக் கொடுத்துவந்த வைத்திய உதவி அவ்வருஷ முடிவோடு நின்றது. ஊழியருக்கு லாபப் பங்கு கொடுக்க ஈஸ்ட்மன் ஏற்பாடு செய்து சரியாக நூறு வருஷம் அப்போது. படங்களுக்காகப் பிறந்த பேடண்டுகள் பலவற்றைப் பிறருக்கு விற்று, 2013 செப்டம்பரில் மிகச் சிறிய கம்பெனியாய் அது வெளிவந்தது. சுருளுக்கு வேண்டிய ரசாயனங்களுக்கென 1920-ல் டென்னஸி மாகாணத்துக் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் தொடங்கிய கிளைத்தொழிற்சாலையோ, 1994-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, தாய்க் கம்பெனி தளர்ந்த காலத்திலும் தளராமல் நடந்தது.

ராச்செஸ்டரில் சினிமாச் சுருள் பூசும் யந்திரங்கள் முற்றும் நிற்கவில்லை. சுருளிலேதான் படமெடுப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் டைரக்டர்கள் சிலர் அமெரிக்காவில் உள்ளனர். அவர்களுக்காகவும், பழைய காமிராக்களைத் தேடி எடுத்துப் பழகும் இளைஞர்களுக்காகவும், ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து இருட்டிலே பூசும் அவ்வேலை, ஈஸ்ட்மனுடைய அஸ்தி அடங்கிய அதே வளாகத்தில் நடந்துவருகின்றது.